சிவப்புப் பேனா அடித்த வரி

எங்கள் அச்சகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புள்ளியக்கா என்றால்தான் தெரியும். பாட்டில், டப்பா, பொட்டலம் இவற்றின் மேல் ஒட்டுகிற லேபிள்களை அச்சடிப்பது எங்கள் தொழில். மெஷின் ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு லேபிளின் ப்ரூஃபையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை அக்காவுடையது. ஒரு முறை பல் பொடி லேபிளில் 'ல்' தலையில் இருந்த புள்ளி விழுந்துபோய், 'பல பொடி' என்றே அச்சுத் தகடு வரைக்கும் போய்விட்டது. அக்கா மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா ஓவியம், இது பல்லு விளக்கவா, பலசரக்கு விக்கவா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் புள்ளியக்கா. ஓவியம் என்பது நான். லேபிளுக்குப் படம் வரைவதும் எழுத்து அடுக்குவதும் என் வேலை. பதினோரு வருடம் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கிறோம்.

அவருக்கு நடந்ததை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் பேனா தாளைக் கிழிக்கிறது. அத்தனை கோபம். அதில் ஒரு பங்கு என் மேலேயே இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி, தம்பி மனைவி இவர்களோடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது அந்த வீட்டின் நிரந்தர நகைச்சுவை. நாற்பத்து நான்காவது வயதில் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. ஒன்றரை வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் முகம் வெளுத்துப்போய் வந்து ப்ரூஃப் பார்ப்பார். கடைசியில் தம்பி தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தார். கொடுத்ததைப் பற்றி ஒருநாளும் பெருமையாகப் பேசியதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் செய்வார்.

"என்னக்கா, என் ஆளு எப்படி இருக்கான்? ஒழுங்கா வேலை பாக்கறானா?"

"உன்ன மாதிரி இல்லடா. லீவே போடாம பாக்கறான்."

கிட்னி மாற்றியவர்கள் வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். அடுத்தவர் உறுப்பை உடம்பு அந்நியன் என்று கண்டுபிடித்துத் தாக்கப் பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைக்கிற மாத்திரை அது. ரத்தத்தில் அதன் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காலை எட்டு மணி, மாலை எட்டு மணி. அக்கா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. விழுந்த புள்ளியைத் தேடிப் பிடிக்கிற ஆள், மாத்திரையை மறப்பாரா?

ஆபரேஷன் நடந்த இரண்டாவது வருடம். உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. மனசுதான் படுத்துக்கொண்டது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ப்ரூஃபை முன்னால் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரிக்க வைக்க நான் சொன்ன கதைக்கு, சிரிக்க வேண்டிய இடம் எது என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சிரிப்பார். டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். ஒருநாள் கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வராததால் போய்த் தட்டினேன். முகம் கழுவியிருந்தார். "குளிக்கறதே மலை ஏறற மாதிரி இருக்கு ஓவியம். விடிஞ்சா, ஐயோ இன்னொரு நாளான்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள்ளேயே அதைச் சொன்னதற்காக வெட்கப்பட்டார்.

யாரிடம் சொல்வது? சொன்ன இடத்தில் எல்லாம் ஒரே பதில். "மறுபிறவி கிடைச்சிருக்கு, உனக்கென்ன குறை?" அடுத்த பதில், "நடந்தா சரியாயிடும்." அதற்கும் அடுத்தது, "மனச நாமதான் தைரியமா வச்சுக்கணும்." காலொடிந்தவரிடம், காலை நீதான் நேராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொல்கிறோமா?

ஆஸ்பத்திரியிலோ கிட்னி டாக்டர் அவருக்கு ஒதுக்குவது மூன்று நிமிடம். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் கணினியைப் பார்த்தபடியே, "நம்பர் எல்லாம் பிரமாதம். வேற ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லையே என்று முடிகிற கேள்விக்கு இருக்கிறது என்று சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு வரும்? "இல்ல டாக்டர்" என்று அக்கா எழுந்துவிட்டார்.

இப்படி ஒவ்வொரு கதவும் மூடிய பிறகுதான் அவர் அந்தக் கடைக்குள் போனார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவும் குளிரூட்டியுமாக ஓர் இயற்கைப் பொருள் கடை. அங்கே மனச்சோர்வுக்குத் தனி அலமாரியே இருந்தது. தூக்கத்துக்கு வேர்ப்பொடி, பதற்றத்துக்குச் சொட்டு மருந்து, சோகத்துக்குக் காப்ஸ்யூல். சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். பச்சை ஏப்ரன் கட்டிய கடைக்காரப் பெண், அக்கா சொன்னதை எல்லாம் தலையசைத்துக் கேட்டாளாம். அவ்வளவு பொறுமையாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான் என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கினார். யாராவது அவரை ஏமாளி என்றால் எனக்கு ஆத்திரம் வரும்.

"நான் கிட்னி மாத்தினவ. அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். இது கூட ஒத்துக்குமா?"

"அது கெமிக்கல்க்கா, இது வெறும் மூலிகை. ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. பாருங்க, லேபிள்லயே போட்டிருக்கு."

போட்டுத்தான் இருந்தது. 'முழுவதும் இயற்கை. பக்க விளைவுகள் அற்றது.'

அடுத்த நாள் அந்த பாட்டிலை அச்சகத்துக்கே எடுத்துவந்து மேஜையில் வைத்தார். பழக்க தோஷம், பூதக்கண்ணாடியை வைத்து லேபிளைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். "தப்பே இல்லையே. யாரு போட்டது?"

"நாமதான்க்கா. நீங்க ஆபரேஷன் லீவுல இருந்தப்ப வந்த வேலை. இலை நான் வரைஞ்சது" என்றேன். குரலில் பெருமை வேறு.

"நம்ம அச்சகமா? அப்ப சரி" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் தேவலாம் போலத்தான் இருந்தது. டிபன் டப்பாவை முழுசாகக் காலி செய்தார். நான் போட்ட 'ன'கரத்துக்கும் 'ண'கரத்துக்கும் பழையபடி திட்டு விழுந்தது. எனக்கு அது இசை மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரம் செருப்பு இறுக்குகிறது என்றார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் போகச் சொல்லி அடம்பிடித்ததில் தேதிக்கு முன்பே ரத்தப் பரிசோதனைக்குப் போனார். நானும் போனேன்.

டாக்டர் அன்றைக்குத்தான் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"இல்ல டாக்டர். ஒரு வேளைகூட விடல."

"ரத்தத்துல இருக்க வேண்டிய அளவுல மூணுல ஒரு பங்குதான் இருக்கு. கிட்னி அடி வாங்கியிருக்கு. பொய் சொல்லாதீங்கம்மா."

பொய்! தப்பு எழுத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளாத மனுஷியைப் பார்த்துப் பொய் சொல்லாதே என்றார். அக்காவின் உதடு துடித்தது. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல, ஆஸ்பத்திரியின் மருந்தாளர். சின்ன வயசுப் பெண். மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு. அம்மா, இது தவிர வேற எதாவது சாப்பிடறீங்களா? பொடி, கஷாயம், காப்ஸ்யூல், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்" என்றாள். இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. அக்கா கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்கிற மஞ்சள் பூச்செடியின் சாறு அது. லேசான மனச்சோர்வு உள்ள சிலருக்கு அது உதவுவதும் உண்டாம். ஆனால் மருந்துகளை ஈரல் கரைத்து வெளியேற்றுகிற வேகத்தை அது முடுக்கிவிடும். அக்கா காலையும் மாலையும் மணி பார்த்துச் சாப்பிட்ட மாத்திரையை, அந்தக் காப்ஸ்யூல் வேலை செய்ய விடாமல் கரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. "கிட்னி மாத்திரை மட்டும் இல்லம்மா. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடறது, கருத்தடை மாத்திரை, வலிப்பு மாத்திரை, எத்தனையோ மருந்தோட இது மோதும். டாக்டர் கொடுக்கிற மனச்சோர்வு மாத்திரையோட சேர்த்துச் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்தாகலாம்" என்றாள் அந்தப் பெண். "பாட்டில்ல ஒரு வரி போட்டிருக்கக்கூடாதா?" என்று அவள் தனக்குள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு தாக்க ஆரம்பித்திருந்தது. மூன்று நாள் தொடர்ந்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். முகம் பலூன் மாதிரி ஊதியது.

வார்டில் தம்பி மனைவிதான் முதலில் வெடித்தார். "அறுத்துக் குடுத்தது இவரு. நீங்க எவளோ கடைக்காரி பேச்சைக் கேட்டு இலை தழையை முழுங்கியிருக்கீங்க!" அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தம்பி தன் மனைவியைக் கையமர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மனசு சரியில்லன்னு என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"உன் கிட்னிய வாங்கிட்டு, சந்தோஷமா இல்லடான்னு எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்றது?"

தம்பி அக்காவின் ஊதிப்போன கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். தம்பி மனைவி வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, அக்காவின் தலையணையைச் சரிசெய்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மருந்தாளர் முணுமுணுத்தது நடுமண்டையில் வந்து நின்றது. பழைய வேலைகளின் உறைகள் அடுக்கிய அலமாரியில் அந்தக் கம்பெனியின் உறையைத் தேடி எடுத்தேன். முதல் ப்ரூஃபை விரித்தேன். அடியில், பொடி எழுத்தில் இருந்தது: 'வேறு மருந்துகள் உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதனைப் பயன்படுத்தக் கூடாது.' அதன் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு. ஓரத்தில் கம்பெனி ஆள் கையெழுத்தில், 'இது வேண்டாம். இலையைப் பெரிதாக்கவும்.'

எனக்கு அந்த நாள் திரும்ப வந்தது. டை கட்டிய ஓர் ஆள். "இந்த வரி இருந்தா ஜனங்க பயப்படுவாங்க. நாங்க விக்கறது நிம்மதி" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் முதலாளி, "கஸ்டமர் சொல்றதைப் பண்ணிக் குடும்மா" என்றார். வரியை அழித்தேன். காலியான இடத்துக்கு இலையை இழுத்துப் பெரிதாக்கினேன். இரண்டாவது ப்ரூஃபில், அக்கா கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில், லீவில் இருந்த அவருக்குப் பதில் நான் போட்டேன். அவர் உட்கார்ந்திருந்தால் அந்த வரிக்காக அந்த ஆளை அன்றைக்கே உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார்.

உறையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியதை ஒத்துக்கொள்கிறேன். படுக்கையில் இரண்டு ப்ரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இலை நல்லாத்தான் வரைஞ்சிருக்கே" என்றார். பதினோரு வருடத்தில் அவர் திட்டியதெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம். கடைசியில், "அழுதது போதும். இதுக்கு ரெண்டு நகல் எடுத்துட்டு வா" என்றார்.

கிட்னி போகவில்லை. ஆனால் பழைய நிலைக்கு வரவும் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடும் என்றிருந்தது, இனிமேல் எத்தனை வருடம் என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார். பொய் என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு மருந்தாளர் பெண் அவரிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா கிட்னி டாக்டரோடு கலந்து பேசி, இந்த மாத்திரைக்கு இடைஞ்சல் செய்யாத மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார். வாரம் ஒருமுறை பேசுவதற்கென்றே முக்கால் மணி நேரம். இது முதல் நாளே கிடைத்திருக்க வேண்டியது. மனச்சோர்வு ஒரு நோய் என்று முதல் நாளே யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், அவர் எதற்காக அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்திருக்கப் போகிறார்?

வேலைக்குத் திரும்பிய அன்றே அக்கா கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் பதறித்தான் போனாள். "எனக்கு அப்படித்தான்க்கா சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். உள்ளே இருந்து வந்த கடை மேலாளர், "ஆயிரம் பேர் வாங்கறாங்க, உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை" என்று கதவைக் காட்டினான். ப்ரூஃப் நகலை இணைத்து அக்கா எழுதிய கடிதத்துக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: எங்கள் தயாரிப்பு மருந்து அல்ல, உணவுத் துணைப்பொருள், எனவே மருந்துக்குரிய எச்சரிக்கை அவசியமில்லை. சோகத்தைத் தீர்க்கும் என்று விற்கும்போது அது மருந்து. உறுப்பைக் கெடுத்தது என்று கேட்டால் அது உணவு. எங்கள் முதலாளியோ, "கஸ்டமர் காகிதம் வெளிய போகக்கூடாது, தெரியுமில்ல?" என்று எகிறினார்.

"அந்தக் காகிதத்துல என் கட்டத்துல ஓவியம் கையெழுத்து இருக்கு. உங்க அனுமதியோட. அதையும் புகார்ல எழுதியிருக்கேன்" என்றார் அக்கா.

முதலாளி இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. அக்கா இல்லாமல் ஒரு லேபிளும் வெளியே போகாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கம்பெனி வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. பாட்டில் இன்றைக்கும் அதே அலமாரியில், அதே லேபிளோடு நிற்கிறது.

புகார் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. மருந்து அலுவலகத்தில் இது உணவு என்றார்கள். உணவு அலுவலகத்தில், நோயைத் தீர்ப்பதாகச் சொல்வதால் இது மருந்து என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகள். என் பங்கு தப்பை நானே எழுதி, கையெழுத்துப் போட்டு, புகாரோடு இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து நானும் அக்காவும் நினைவூட்டு மனுவோடு அந்தக் கட்டடத்துக்குப் போகிறோம். ஊதல் வடிந்துவிட்டது, படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனாலும் எனக்கு முன்னால் ஏறிவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை அங்கே புது அதிகாரி ஒருவர். கோப்பைப் புரட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதெல்லாம் காலம் எடுக்கும்மா. நீங்களோ நோயாளி. இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது."

அக்கா நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் உடம்புக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு சொல்ல எனக்கு ரெண்டு டாக்டர் இருக்காங்க. நீங்க மனுவுக்கு ரசீது போடுங்க."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேடினார். அக்கா தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.